சோடா மெசின் வேர்க்கிறது

கலைப்பீடத்தில் படிக்கிற நாங்கள் மூன்று பேர் பின்னேரங்களில் ஒரு கோப்பிக் கடையில் வேலை செய்கிறோம். நாலரைக்குப் போனால் ஒன்பதுக்கு இறங்கலாம். திருநெல்வேலிச் சந்தியிலிருந்து நடந்து போகிற தூரம். கடையின் பெயரை எழுதப் போவதில்லை. எழுதினால் நாளைக்குப் பின்னேரம் எங்களுக்கு வேலை இருக்காது. எழுத வந்தது அந்தக் கடைக்குள் நிற்கிற ஒரு பழைய சோடா மெசினையும், அது தரையில் விட்ட தண்ணியையும், அந்தத் தண்ணிக்காகப் பேச்சு வாங்கிய ஒரு அக்காவையும் பற்றி.

கடை முதலாளி முப்பது வருஷம் கனடாவில் இருந்துவிட்டு வந்தவர். வரும்போது வீட்டுச் சாமான்களோடு கொன்ரெயினரில் போட்டுக் கொண்டுவந்த மெசின் இது. 1950களில் அமெரிக்காவில் செய்தது. சிவப்பு நிறம், மேல் மூலைகள் உருண்டை, ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் குறைவு. பெரிய கதவுக்குள் ஒரு பக்கமாக ஒடுங்கின சின்னக் கதவொன்று இருக்கும். அதைத் திறந்தால் போத்தல் மூடிகள் மட்டும் மேலிருந்து கீழாக வரிசையில் தெரியும். காசைப் போட்டால் ஒரு போத்தலை இழுத்தெடுக்கலாம். மூடி கழற்ற முன்பக்கத்திலேயே ஒரு கொழுக்கி. கொம்பிறசரும் விசிறியும் மட்டும் கொழும்பில் 230 வோல்ற்றுக்கு மாற்றினது. மிச்சமெல்லாம் பழசு.

காசு என்றால் எங்கட காசு இல்லை. அமெரிக்காவின் ஐந்து சத நாணயம், நிக்கல். கொக்கா கோலா 1886இல் இருந்து 1959 வரைக்கும் அந்த ஊரில் ஐந்து சதத்துக்குத்தான் விற்றது. எழுபது வருஷத்துக்கு மேல் விலை ஏறாமல் இருந்ததற்குச் சொல்லப்படுகிற காரணங்களில் ஒன்று இந்த மாதிரி மெசின்கள்தான்: ஒரே ஒரு நாணயத்தை மட்டும் விழுங்கத் தெரிந்த மெசினிடம் ஆறு சதம் கேட்க முடியாது. எங்கட கடையில் முதலாளி ஒரு பேணி நிறைய நிக்கல் வைத்திருக்கிறார். காசு மேசையில் சோடாவுக்குரிய பணத்தைக் கட்டினால் நாங்கள் ஒரு நிக்கல் தருவோம். அதைக் கொண்டுபோய் மெசினில் போட்டு, "டொக்" என்ற சத்தத்தோடு போத்தலை இழுத்து, படம் எடுத்து, பிறகுதான் குடிப்பார்கள். கடைக்குச் சனம் வருகிறதே அதுக்குத்தான். கோப்பி அவ்வளவு திறம் இல்லை.

தண்ணிப் பிரச்சினை சித்திரை வெயிலோடு தொடங்கியது. முதலில் மெசினுக்குக் கீழே ஒரு ஈரக்கறை. பிறகு ஒரு சின்னக் குளம். உள்ளே போத்தல்களில் ஒட்டியிருந்த கடதாசி லேபல்கள் கழன்று தட்டில் கிடந்தன. சின்னக் கதவின் விளிம்பில் இருந்து துளித்துளியாக விழும். ஒக்ரோபரில் மழைக்கு முந்தின புழுக்கம் வந்தபோது, பின்னேரம் துடைத்துவிட்டுப் போனால் காலையில் வாசல் பக்கம் வரைக்கும் தண்ணி ஓடியிருக்கும்.

கடையில் துடைக்கிற, கழுவுகிற வேலை எல்லாம் அக்காவுடையது. எங்கட அம்மாக்களின் வயது, ஆனாலும் எல்லாருக்கும் அக்கா. காலை ஏழு மணிக்கு வந்து முதலில் அந்தத் தண்ணியைத்தான் வழித்து எடுப்பார். மெசினுக்குப் போத்தல் அடுக்குகிறதும் அவர்தான். அதனால் முதலாளியின் கணக்கில் தண்ணிக்குப் பொறுப்பும் அவர்தான். "கதவை வடிவாப் பூட்டுறேல்லை. எத்தினை தரம் சொல்லுறது?" இது ஒவ்வொரு நாளும். ஒக்ரோபரில் ஒருநாள் ரியூசன் முடிந்து வந்த பெடியன் ஒருத்தன் வழுக்கி விழுந்தான். அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை, ஆனால் அவன் பிடித்த மேசையில் இருந்த கிளாசுகள் உடைந்தன. அந்த மாசம் அக்காவின் சம்பளத்தில் ஆயிரம் ரூபாய் பிடிபட்டது. வேறு ஆள் பார்க்கிறதாகவும் ஒரு கதை அடிபட்டது.

குளிரூட்டி திருத்துகிற ஒருவர் வந்து பார்த்தார். கையை உள்ளே விட்டுப் பார்த்துவிட்டு "காஸ் அடிக்கோணும்" என்றார். காஸ் குறைந்தால் குளிர் குறையுமே தவிர தண்ணி கூடாது. எங்கட மெசினிலோ போத்தல் பல்லுக் கூசுகிற குளிர். இதை அவரிடம் எப்படிச் சொல்வது? நாங்கள் தமிழும் வரலாறும் மெய்யியலும் படிக்கிற ஆட்கள். "லீக் ஒண்டு இருக்கு" என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார். அதற்குப் பிறகு கடையில் எல்லாரும் அந்தச் சொல்லைத்தான் பாவித்தார்கள். லீக்.

ஆனால் எது லீக் ஆகிறது? மெசினுக்குத் தண்ணிக் குழாய் இல்லை. தாங்கி இல்லை. உள்ளே இருக்கிற ஒரே ஈரம் மூடி போட்ட சோடாப் போத்தல்கள். அவற்றில் ஒன்றும் குறையவில்லை. தண்ணியை விரலில் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தோம், இனிப்பு இல்லை. வெறும் தண்ணி. மெசினுக்குள் இல்லாத ஒரு சாமான் மெசினுக்குள்ளிருந்து வருகிறது என்றால், அது வேறெங்கோ இருந்து உள்ளே போயிருக்க வேண்டும்.

இந்த இடத்தில் எங்களுக்கு வழிகாட்டியது அக்கா சொன்ன ஒரு வசனம். துடைக்கிற துணியை முறுக்கிக்கொண்டு நின்றபோது சொன்னார்: "உந்தத் துணி காயாத நாளிலைதான் பிள்ளையள் உது கூட அழுறது. துணி சுறுக்கெண்டு காய்ஞ்சால் அண்டைக்குத் தண்ணியும் குறைவு."

வேறு ஒன்றும் தேவையில்லை. துணி காயவில்லை என்றால் காற்றில் ஏற்கனவே ஈரம் நிறைந்திருக்கிறது என்று அர்த்தம். அக்கா ஒரு ஈரமானி வைத்திருந்தார், அதை வாளி விளிம்பில் தொங்க விட்டிருந்தார், அவ்வளவுதான்.

கதை அத்தோடு நிற்கவில்லை. 1990இல் யாழ்ப்பாணத்துக்கு மின்சாரம் நின்றபோது தனக்குப் பதினைந்து வயது என்றார். கனகாலம் குளிர்த்தண்ணி என்றால் மண்பானைத் தண்ணிதான். ஈர மணலுக்கு மேல் பானை, அதைச் சுற்றி நனைத்த சாக்கு. "அந்தப் பானை வேர்க்கும். காத்து அடிச்சால் நல்ல குளிர். மழைக்கால மூட்டத்துக்குக் குளிராது. இந்த மெசின் மற்றப்பக்கம். மூட்டம் எண்டால்தான் கூட வேர்க்குது."

நாங்கள் கனநேரம் இதைப் பற்றிக் கதைத்தோம். பானைக்கும் போத்தலுக்கும் தமிழில் ஒரே சொல்லைத்தான் பாவிக்கிறோம்: வேர்க்கிறது. ஆனால் நடப்பது நேர் எதிர். பானையின் தண்ணி உள்ளேயிருந்து நுண்துளைகள் வழியாக வெளியே கசிந்து, ஆவியாகி, போகும்போது சூட்டையும் கொண்டு போகிறது. அதனால்தான் குளிர்கிறது, அதனால்தான் காற்று ஈரமாக இருக்கிற நாளில் ஆவியாக முடியாமல் பானை தோற்றுப் போகிறது. போத்தல் கண்ணாடி. அதற்குள்ளிருந்து ஒரு துளியும் வெளியே வராது. அதன் மேலே நிற்கிற தண்ணி காற்றில் ஆவியாக இருந்தது, குளிர்ந்த கண்ணாடியில் பட்டதும் நீராகிவிட்டது. பானை காற்றுக்குத் தண்ணி கொடுக்கிறது, போத்தல் காற்றிடமிருந்து தண்ணி எடுக்கிறது. "லீக்" என்ற சொல் பானைக்குப் பொருந்தும். மெசினுக்கு அது பிழையான சொல், பிழையான சொல்லை வைத்துக்கொண்டுதான் ஆறு மாசமாக ஓட்டையைத் தேடினார்கள், ஆளைத் தேடினார்கள்.

இனிக் கணக்கு. கணக்கென்றால் எங்களில் இரண்டு பேர் ஓ.எல்லோடு கும்பிட்டு விட்ட பாடம், ஆனால் இது கூட்டலும் பிரித்தலும்தான். காற்று எவ்வளவு ஈரத்தைத் தாங்கும் என்பதற்கு அட்டவணை உண்டு. 30 பாகையில் ஒரு கன மீற்றர் காற்று கூடியது ஏறத்தாழ 30 கிராம் நீராவியை வைத்திருக்கும். ஈரப்பதன் 80 சதவீதம் என்றால் அதில் 24 கிராம் இருக்கிறது. அதே காற்று மெசினுக்குள் போய் 3 பாகைக்குக் குளிர்ந்தால் 6 கிராம்தான் தாங்கும். மிச்சம் 18 கிராம் தண்ணியாக விழ வேண்டும், வேறு வழி இல்லை. இன்னொரு விதமாகச் சொன்னால், அப்படியான காற்று 26 பாகைக்குக் கொஞ்சம் மேலே இருக்கிற எந்தப் பரப்பில் பட்டாலும் வேர்க்கத் தொடங்கிவிடும். எங்கட ஊரில் ஐப்பசி மாதத்தில் 26 பாகை என்பது குளிரே இல்லை.

மெசினின் அடியில் ஒரு பால்மாப் பேணியை வைத்து ஒன்பது நாள் தண்ணி பிடித்தோம். குசினியில் இருக்கிற அளவுச் சாடியில் ஊற்றி அளந்து, ஒரு கொப்பியில் எழுதினோம். பக்கத்தில் போனில் காட்டுகிற ஈரப்பதன், அதற்குப் பக்கத்தில் அக்காவின் துணி காய்ந்ததா இல்லையா. கூடின நாள் 560 மில்லிலீற்றர். குறைந்த நாள் 380. சராசரி 500ஐத் தாண்டியது. 18ஆல் பிரித்துப் பாருங்கோ: ஏறத்தாழ 28 கன மீற்றர் காற்று. நாங்கள் இருக்கிற வாடகை அறை பத்தடிக்குப் பத்தடி, உயரமும் பத்தடி. அதுவும் 28 கன மீற்றர்தான். அதாவது எங்கட முழு அறையில் இருக்கிற காற்றளவு ஒவ்வொரு நாளும் அந்த மெசினுக்குள் போய் ஈரத்தை இறக்கி வைத்துவிட்டு வெளியே வருகிறது.

இது அக்காவின் வேலையாக இருக்க முடியுமா? மெசினின் உள்பகுதியை அளந்தோம், 400 லீற்றரும் வராது. நாளுக்கு முப்பது நாற்பது போத்தல் விற்கும். பெரிய கதவு போத்தல் அடுக்க ஒரு தரம் திறபடும். நாற்பது தரம் திறந்து 28 கன மீற்றர் உள்ளே போக வேண்டும் என்றால், ஒவ்வொரு தரமும் 700 லீற்றர் போக வேண்டும். மெசினே அவ்வளவு பெரிசில்லை.

கணக்கை நம்பாத ஆட்களுக்குப் போயா வந்தது. போயாவுக்குக் கடை பூட்டு. முதல்நாள் இரவு ஒன்பதுக்குப் பேணியை வெறுமையாக்கி வைத்து, மெசினின் இரண்டு கதவுக்கும் குறுக்கே கடதாசி ஒட்டி, அதில் மூன்று பேரும் கையெழுத்து வைத்தோம். போயாவுக்கு மற்றநாள் காலை ஏழு மணிக்கு அக்கா கடை திறக்கும்போது நாங்களும் போய் நின்றோம். கடதாசி கிழியவில்லை. முப்பத்துநாலு மணித்தியாலம். பேணி நிறைந்து வழிந்து கிடந்தது. யாரும் தொடாத மெசின் வேலைநாள் மாதிரியே தண்ணி விட்டிருந்தது.

அக்கா கடதாசியையும் பேணியையும் மாறி மாறிப் பார்த்தார். "ஐயா வரட்டும், உதைத் துடைக்க மாட்டன்" என்றார். துடைக்காமல்தான் வைத்திருந்தார். முதலாளி பத்து மணிக்கு வந்து பார்த்தார். ஒன்றும் பேசவில்லை. கனநேரம் கழித்து, "வெளிநாட்டு மெசின் தம்பி. எங்கட கிளைமேற்றுக்கு உது சரிவராது" என்றார்.

இந்த விளக்கத்தை நாங்கள் ஏற்றுக்கொள்ளவில்லை. கேட்க நன்றாக இருக்கும், கவிதை மாதிரியும் இருக்கும்: குளிர்நாட்டில் பிறந்த மெசின் வெப்பநாட்டில் அழுகிறது. ஆனால் கொக்கா கோலாவின் சொந்த ஊர் அற்லாந்தா. அமெரிக்காவின் தென்பகுதி கோடையில் எங்களைப் போலவே புழுங்குகிற இடம். நியூ ஓர்லியன்ஸ் இன்னும் மோசம். அங்கே பெற்றோல் ஷெட் வாசல்களிலும் தொழிற்சாலைகளிலும் இதே மாதிரி மெசின்கள் நின்றுதான் இருக்கின்றன. செய்தவர்களுக்கு ஈரத்தைப் பற்றித் தெரியும். உள்ளே குளிர் சுருளில் விழுகிற தண்ணியை ஒரு குழாய் வழியாகக் கீழே இறக்கி, கொம்பிறசரின் சூடு படுகிற ஒரு தட்டில் விட்டு, அங்கேயே ஆவியாக்கிவிடுகிற ஏற்பாடு மெசினிலேயே இருக்கிறது. நாளுக்கு ஒரு சிரட்டைத் தண்ணி வந்தால் அந்தத் தட்டு சமாளிக்கும். அரை லீற்றர் வந்தால் வழியும். மெசினுக்கு ஊர் பிடிக்காமல் போகவில்லை. அதன் றபர் கிழண்டிப் போய்விட்டது.

ஒரு சின்னத் திசைமாற்றம். வில்லிஸ் கரியர் என்ற இஞ்சினியர் 1902இல் நியூயோர்க்கின் புறூக்ளினில் ஒரு அச்சகத்துக்காகத்தான் இன்றைய ஏ.சி.யின் தொடக்கத்தைச் செய்தார். மனிதருக்கு வியர்த்தது என்று இல்லை. ஈரத்தில் கடதாசி விரிந்து சுருங்கியதால் நிறத்துக்கு மேல் நிறம் பொருந்தவில்லை. காற்றிலிருந்து தண்ணியை எடுப்பதுதான் முதல் வேலை. கலைப்பீடத்து ஆட்களுக்கு இந்தத் தகவல் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. குளிரூட்டலின் வரலாறு அச்சுப் பிரதியில் தொடங்குகிறது என்றால் எங்களுக்கும் அதில் பேசப் பங்கு உண்டு.

சரி, றபர். காற்று எதனால் போகிறது என்று கண்டுபிடிக்க இரண்டு சோதனை, இரண்டும் செலவில்லாதவை. வீட்டுப் பிறிட்ஜுக்கும் செய்து பார்க்கலாம். முதலாவது, ஒரு நூறு ரூபாய்த் தாளைக் கதவுக்கும் உடலுக்கும் நடுவில் வைத்துக் கதவைப் பூட்டி, தாளை இழுக்க வேண்டும். இறுக்கிப் பிடித்தால் றபர் நல்லது. சும்மா வந்தால் அந்த இடத்தால் காற்றும் சும்மா வரும். பெரிய கதவைச் சுற்றிப் பதினாறு இடத்தில் பார்த்தோம். பூட்டுப் பக்கம் மேலேயும் கீழேயும் ஏழு இடத்தில் தாள் வழுக்கிக்கொண்டு வந்தது. இரண்டாவது, இரவில் கடை விளக்குகளை அணைத்துவிட்டு, ஒரு ரோச்சை எரியவிட்டு மெசினுக்குள் வைத்துப் பூட்டினோம். சிவப்புப் பெட்டியின் ஒரு ஓரம் முழுக்க மஞ்சள் கோடு. காசு போடுகிற துவாரத்தில் ஒரு வெளிச்சப் பொட்டு. பின்பக்கம், கொழும்பில் புது வயரும் செப்புக் குழாயும் விட்ட துளையில் இன்னொன்று. சின்னக் கதவின் அடியில் இன்னொன்று. அக்கா "திருவிழா மாதிரிக் கிடக்கு" என்றார்.

குளிர்ந்த காற்று கனமானது. அது கதவின் கீழ் இடுக்கால் வெளியே வழியும், அந்த இடத்தை நிரப்ப மேல் இடுக்கால் சூடான ஈரக்காற்று உள்ளே இறங்கும். யாரும் திறக்கத் தேவையில்லை. இரவு முழுக்க மெசின் தானாகவே மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. ஏழு மணிக்கு வருகிற அக்காவுக்குத்தான் அதன் பலன்.

திருத்த வேலையை முதலாளி எங்களிடமே விட்டார். செலவு இல்லை என்றதும் முகம் கொஞ்சம் தெளிந்தது. அந்த மெசினுக்குரிய றபர் அமெரிக்காவில் வாங்கலாம், கப்பல் கூலி எங்கட மாசச் சம்பளம். நாங்கள் பஸ் பொடி கட்டுகிற ஒரு இடத்துக்குப் போய் கதவு விளிம்புக்குப் போடுகிற, நடுவில் குழல் மாதிரி வெறுமையாக இருக்கிற றபர் பீடிங் வாங்கினோம். குழல் நசிந்து கொடுத்தால்தான் இடுக்கை அடைக்கும். கட்டி றபர் அடைக்காது. பழையதைக் கத்தியால் சுரண்ட ஒரு பின்னேரம் போனது. புதிதை ஒட்ட ஒரு பின்னேரம். ஒட்டின பிறகும் பூட்டுப் பக்கம் இரண்டு இடத்தில் தாள் வழுக்கியது. கதவு தன் பாரத்தில் தொங்கிப் போயிருந்தது. பிணைச்சலுக்குள் இரண்டு வொசர் வைத்துத் தூக்கியதும் பிடித்துக்கொண்டது. பின்பக்கத் துளைகளுக்கு புற்றி. காசுத் துவாரத்துக்குப் பின்னால் ஒரு துண்டு றபர் நாக்கு, நிக்கல் தள்ளினால் விலகும், பிறகு மூடும்.

வடிகுழாய்தான் சுவாரசியமானது. கீழ்முனை சும்மா திறந்து கிடந்தது, அதால் வெளிக்காற்று நேரே குளிர் சுருளுக்குப் போகும். குழாயின் கீழே ஒரு வளைவு செய்து கட்டினோம், கை கழுவுகிற பேசினுக்குக் கீழே இருக்கிற வளைவு மாதிரி. வளைவில் எப்போதும் கொஞ்சம் தண்ணி நிற்கும். தண்ணி போகும், காற்று வராது. தண்ணியை வைத்தே தண்ணியைத் தடுக்கிற ஏற்பாடு.

கொஞ்சம் பயந்த வேலை சுவர்தான். பெட்டியின் வெளித்தகட்டிலும் ஒரு பக்கம் வேர்த்துக்கொண்டிருந்தது. அந்தக் காலத்து மெசின்களில் இரண்டு தகட்டுக்கும் நடுவில் கண்ணாடி நார் அடைத்திருப்பார்கள். நாருக்குள் சிறைப்பட்ட காற்றுத்தான் சூட்டைத் தடுக்கிறது. நார் நனைந்தால் காற்றின் இடத்தில் தண்ணி, தண்ணி சூட்டை நன்றாகவே கடத்தும். உள்தகட்டைக் கழற்றினபோது அடிப்பகுதி நார் பிழிந்தால் வடிகிற அளவுக்கு நனைந்திருந்தது. மாஸ்க்கும் கையுறையும் முழுக்கைச் சட்டையும் போட்டுக்கொண்டுதான் தொட்டோம், அப்படியும் இரண்டு நாள் கழுத்துச் சொறிந்தது. மேற்பகுதி நாரை மழை விட்டிருந்த மூன்று நாள் மொட்டை மாடியில் காயவிட்டோம். அக்காவின் துணிகளோடு பக்கத்தில். அடிப்பகுதிக்கு றிஜிபோம் பலகையை வெட்டி இறுக்கி, மூட்டுகளுக்கு அலுமினியம் ரேப் ஒட்டினோம். ரேப் வெளித்தகட்டுப் பக்கத்தில் வர வேண்டும். எங்கட ஊரில் ஈரம் வெளியிலிருந்து உள்ளேதான் நுழையும், நுழைகிற பக்கத்தில்தான் கதவு போட வேண்டும்.

கடைசியாகக் குளிர். முதலாளி அதைக் கூடிய அளவுக்குத் திருகி வைத்திருந்தார். சுருளில் பனி கட்டி, விசிறிக் காற்றை மறித்து, பிறகு உருகி ஒரேயடியாக ஊற்றிக்கொண்டிருந்தது. 2022இல் பதின்மூன்று மணித்தியாலம் வரைக்கும் கரண்ட் போனபோது எல்லா வீட்டுப் பிறிட்ஜுக்கும் கீழே குளம் கட்டியது ஞாபகம் இருக்கும். நாங்கள் ஏ.எல். படித்துக்கொண்டிருந்த நேரம், குப்பி விளக்கில் கொப்பியை வைத்துக்கொண்டு காலுக்குக் கீழே தண்ணி வருகிறதைப் பார்த்திருந்தோம். அதே பனிதான். 4 பாகைக்கு இறக்கி வைத்தோம். போத்தல் இன்னும் குளிர்தான், பல்லுக் கூசாது. இரண்டு பேர் முறைப்பாடு சொன்னார்கள்.

மின்சாரத்துக்கும் இதில் பங்கு உண்டு. நீராவி ஒரு லீற்றர் தண்ணியாகும்போது விடுகிற சூடு, அறைவெப்பத்தில் இருக்கிற ஏழு லீற்றர் தண்ணியைக் கொதிக்கும் வரைக்கும் கொண்டு போகப் போதும். அந்தச் சூட்டையெல்லாம் கொம்பிறசர்தான் வெளியே இழுக்க வேண்டும். மெசின் சோடாவைக் குளிர வைத்த நேரத்தில் ஒரு பங்கு யாழ்ப்பாணத்துக் காற்றைக் காய வைத்துக்கொண்டிருந்தது. பில் எவ்வளவு குறைந்தது என்று முதலாளி எங்களுக்குச் சொல்லவில்லை, ஆனால் "குறைஞ்சிருக்கு" என்று சொன்னார்.

திருத்தின பிறகு ஒன்பது நாள் அளந்தோம். சராசரி 70 மில்லிலீற்றர். நவம்பர் மழையில் ஒருநாள் 150க்குப் போனது. கீழ்த்தட்டு அதைத் தானே ஆவியாக்கிக்கொள்கிறது. தரை காய்ந்திருக்கிறது. அக்கா இப்போது ஏழரைக்கு வருகிறார், அந்த அரை மணித்தியாலம் தண்ணி வழிக்கப் போன நேரம்.

வேறு ஆள் பார்க்கிற கதை நின்றுவிட்டது. பிடித்த ஆயிரம் ரூபாயை நாங்கள் முதலாளியிடம் கேட்டோம். போயா நாள் கடதாசியையும் கொப்பியையும் காட்டித்தான் கேட்டோம். "பாப்பம்" என்றார். கொப்பியின் அந்தப் பக்கத்தில், தண்ணிக் கணக்குக்குக் கீழே அந்தத் தொகையையும் திகதியையும் எழுதி வைத்திருக்கிறோம். மாசக் கடைசியில் திரும்பவும் கேட்போம். அக்கா "விடுங்கோ பிள்ளையள்" என்கிறார், ஆனால் கொப்பியைக் காசு மேசைக்குக் கீழே பத்திரமாக வைத்திருப்பதும் அவர்தான்.

இப்போதைக்குச் சின்னக் கதவின் அடியில் ஒரு இடத்தில் மட்டும் தாள் இன்னும் கொஞ்சம் வழுக்குகிறது. அந்த அளவுக்கு மெல்லிய றபர் இன்னும் கிடைக்கவில்லை. தையல் கடைகளில் விற்கிற இலாஸ்ரிக்கைச் சுற்றிப் பார்க்கலாம் என்று எங்களில் ஒருத்தி சொல்கிறாள். வாற போயாவுக்குப் பார்ப்போம்.